பெயரேட்டைப் புரட்டிய கட்டளைகள்

1982 மார்ச்சில், கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்திலிருந்து சில பக்கங்களே கொண்ட ஓர் ஆவணம் வெளிவந்தது. இணைய நெறிமுறைகளைப் பதிவுசெய்யும் ஆர்எஃப்சி என்ற ஆவண வரிசையில் அதன் எண் 811. கென் ஹாரன்ஸ்டீன், விக் வைட், எலிசபெத் ஃபைன்லர் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதியது. விஷயம் இதுதான்: எஸ்ஆர்ஐயின் கணினி ஒன்று 101-ஆம் எண் போர்ட்டில் காத்திருக்கும். ‘எச்நேம்’ என்று தட்டி ஒரு கணினியின் பெயரைக் கொடுத்தால் அதன் முகவரியைச் சொல்லும். ‘எச்ஆடர்’ என்று தட்டி முகவரியைக் கொடுத்தால் பெயரைச் சொல்லும். ‘ஆல்’ என்று தட்டினால் வலையமைப்பில் உள்ள அத்தனை கணினிகளின் பட்டியலையும் வரிவரியாக அனுப்பிவைக்கும்.

அத்தனை என்றால் எத்தனை? அந்த ஆண்டு மே மாதக் கணக்குப்படி 235.

கேட்பவர் யார், எதற்குக் கேட்கிறார் என்று அந்தக் கணினி விசாரிக்கவில்லை. கேள்வி சரியான வடிவத்தில் வந்தால் போதும். இன்று ஒரு கணினி நிர்வாகி டெர்மினலைத் திறந்து ‘டிக்’ என்றோ ‘என்எஸ்லுக்அப்’ என்றோ தட்டி, ஒரு டொமைன் பெயரின் விவரங்களைக் கேட்டு வாங்குகிறாரே, அந்த வழக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது. இணையத்தின் பெயரேடு எல்லோருக்கும் பொது, யார் வேண்டுமானாலும் புரட்டலாம் என்ற எண்ணத்தின் மேல் கட்டப்பட்ட கருவிகள் இவை. நாற்பது ஆண்டுகளில் அந்த எண்ணம் எதை விட்டுக்கொடுத்தது, எதை விடாமல் பிடித்திருக்கிறது என்பதை இந்தச் சிறிய கட்டளைகளின் வரலாறே சொல்லிவிடுகிறது.

1969-இல் இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் நான்கே கணினிகளோடு தொடங்கியபோது பெயரேடு என்று ஒன்று தேவைப்படவில்லை. ஒவ்வொரு நிலையமும் தனக்குத் தெரிந்த கணினிகளின் பெயர்களைத் தானே ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டது. கணினிகள் கூடக்கூட, ஒரு நிலையத்தின் பட்டியல் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. 1973 டிசம்பரில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தைச் சேர்ந்த பீட்டர் டாய்ச் இதைக் கண்டித்து எழுதினார். ஒவ்வொருவரும் ஒரு பழைய பட்டியலை வைத்துக்கொண்டு மாரடிப்பது அபத்தம், அதிகாரபூர்வமான ஒரே கோப்பை வலையமைப்பிலேயே வைத்தால் எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். அடுத்த மாதமே எஸ்ஆர்ஐயின் தகவல் மையம் அந்தப் பொறுப்பை ஏற்றது.

அந்த மையத்தைக் கட்டி வளர்த்தவர் எலிசபெத் ஃபைன்லர். உயிர்வேதியியல் படித்தவர், தகவல்களைத் தேடித் தொகுக்கும் வேலையில் கைதேர்ந்தவர். 1972-இல் எஸ்ஆர்ஐயில் இருந்த டக்ளஸ் எங்கல்பார்ட்டின் ஆய்வகத்துக்கு வந்து, 1989 வரை இந்தப் பணியில் இருந்தார். புதிதாக ஒரு கணினியை இணைக்க விரும்பும் பல்கலைக்கழகமோ ராணுவத் தளமோ இந்த மையத்துக்குத்தான் தெரிவிக்க வேண்டும். மையத்தில் இருப்பவர்கள், அந்தப் பெயர் ஏற்கெனவே வேறு யாருக்காவது இருக்கிறதா என்று பார்த்து, கோப்பில் ஒரு வரி சேர்ப்பார்கள். இணைய வரலாற்றை எழுதுகிறவர்கள் நெறிமுறைகளை வகுத்தவர்களைக் கொண்டாடும் அளவுக்கு இந்த அலுவலகத்தைக் கொண்டாடுவதில்லை. ஆனால் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒரு கணினி இன்னொன்றைப் பெயர் சொல்லி அழைக்க முடிந்தது இவர்கள் பட்டியலைச் சுத்தமாக வைத்திருந்ததால்தான்.

அந்தப் பட்டியலின் ஒரு வரியைப் பார்த்தால் அந்தக் காலத்தின் மனநிலை தெரியும். முதலில் ‘ஹோஸ்ட்’ என்ற சொல். பிறகு முக்காற்புள்ளி போட்டு முகவரி, அடுத்து பெயர், அடுத்து கணினியின் வகை, அடுத்து அதில் ஓடும் இயங்குதளம், கடைசியாக அது புரிந்துகொள்ளும் நெறிமுறைகள். தகவல் மையத்தின் சொந்தக் கணினியான எஸ்ஆர்ஐ-நிக்கின் வரியில் 26.0.0.73, 10.0.0.51 என்ற இரண்டு முகவரிகளும், டெக்-2060 என்ற இயந்திரப் பெயரும், டாப்ஸ்-20 என்ற இயங்குதளப் பெயரும் இருந்தன. ஒருவரிடம் என்ன கணினி இருக்கிறது, அதில் என்ன ஓடுகிறது என்பதெல்லாம் உலகத்துக்கே தெரியலாம் என்று நினைத்த காலம் அது.

பெர்க்லியின் யூனிக்ஸில் இதற்கென்றே இரண்டு கட்டளைகள் இருந்தன. ‘கெட்டேபிள்’ தகவல் மையத்திடம் போய் மொத்தப் பட்டியலையும் கொண்டுவரும். ‘எச்டேபிள்’ அதை யூனிக்ஸுக்குப் புரியும் வடிவத்தில் மாற்றி, இன்றும் லினக்ஸ் கணினிகளில் இருக்கும் ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பாக எழுதும். இந்த இரண்டையும் அவ்வப்போது ஓட்டுவது அன்றைய நிர்வாகியின் வழக்கமான வேலைகளில் ஒன்று.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது கணினிகளின் பெருக்கம். கோப்பை எடுத்துப்போக வருகிறவர்களும் கூடினார்கள். கோப்பும் பெரிதாகிக்கொண்டே போனது. இரண்டும் சேர்ந்து வளர்ந்ததால், பட்டியலை விநியோகிக்க மட்டுமே ஆகும் போக்குவரத்து கணினிகளின் எண்ணிக்கையைவிட வேகமாக, அதன் வர்க்கத்தின் விகிதத்தில் ஏறியது. அலுவலகத்துக்கு ஒரு பெரிய கணினி என்ற நிலை போய் ஆளுக்கொரு கணினி என்று வரப்போவதும் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு மேசைக் கணினியின் பெயருக்கும் மென்லோ பார்க்கின் அனுமதி கேட்பது நடக்கிற காரியமில்லை.

மாற்று வழி தேடும் வேலை தெற்குக் கலிஃபோர்னியாவில் நடந்தது. மரீனா டெல் ரே நகரில் இருந்த தகவல் அறிவியல் நிறுவனத்தில், இணைய எண்களையெல்லாம் ஒதுக்கிவந்த ஜான் போஸ்டெல், பால் மொக்கபெட்ரிஸ் என்ற இளைஞரிடம் ஏற்கெனவே வந்திருந்த சில யோசனைகளைக் கொடுத்து, இவற்றுக்கு நடுவே ஒரு சமரசம் கண்டுபிடி என்றார். மொக்கபெட்ரிஸ் சமரசம் தேடவில்லை. புதிதாக ஒன்றை வடிவமைத்தார். 1983 நவம்பரில் ஆர்எஃப்சி 882, 883 என்ற இரண்டு ஆவணங்களாக அது வெளிவந்தது. அதுதான் டிஎன்எஸ் என்னும் டொமைன் பெயர் முறை.

அடிப்படை எளிமையானது. பெயரேட்டை ஒரே இடத்தில் வைக்காமல் கிளைகளாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையையும் அந்தந்த நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும். மேலே உள்ளவருக்கு, கீழே உள்ளவர் யார், எங்கே இருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தால் போதும். கேட்பவர் மேலிருந்து கீழே படிப்படியாக விசாரித்து விடையை அடைவார். கிடைத்த விடையைக் கொஞ்ச காலம் தன்னிடம் வைத்துக்கொள்வார். எவ்வளவு காலம் வைத்துக்கொள்ளலாம் என்பதையும் விடை தருபவரே நொடிக் கணக்கில் சொல்லிவிடுவார்.

இந்த வடிவமைப்பைச் செம்மைப்படுத்தி 1987 நவம்பரில் மொக்கபெட்ரிஸ் வெளியிட்ட ஆர்எஃப்சி 1034-இல் மாதிரிக் கேள்விகள் சில இருக்கின்றன. அவர் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட பெயர் எஸ்ஆர்ஐ-நிக். பழைய பட்டியலைக் காத்துவந்த அதே கணினி, புதிய முறையில் முதல் பாடமாகிறது. முகவரி என்ன என்று கேட்டால் அதே இரண்டு முகவரிகள் 86,400 நொடி, அதாவது ஒரு முழு நாள், ஆயுளோடு வருகின்றன. அடுத்த மாதிரியில் நட்சத்திரக் குறி போட்டு, இந்தப் பெயரைப் பற்றி உன்னிடம் இருப்பது எல்லாவற்றையும் கொடு என்று கேட்கிறார். முகவரிகள் வருகின்றன, அஞ்சலை எங்கே அனுப்ப வேண்டும் என்ற பதிவு வருகிறது, ‘எச்இன்ஃபோ’ என்ற பதிவாக டெக்-2060, டாப்ஸ்-20 என்ற இயந்திர விவரமும் வருகிறது. பழைய பட்டியலின் ஒரு வரி முழுசும் புது உடம்பில் குடியேறியதுபோல இருக்கிறது அந்த விடை. நட்சத்திரக் குறிக் கேள்விக்குப் பின்னாளில் என்ன ஆயிற்று என்பதற்குப் பிறகு வரலாம்.

டிஎன்எஸ்ஸின் முதல் சர்வர் நிரலை மொக்கபெட்ரிஸே டாப்ஸ்-20 கணினிகளுக்காக எழுதினார். ‘ஜீவ்ஸ்’ என்று பெயர். அதை யூனிக்ஸுக்குக் கொண்டுபோனவர்கள் பெர்க்லியின் நான்கு மாணவர்கள்: டக்ளஸ் டெர்ரி, மார்க் பெயின்டர், டேவிட் ரிக்கிள், சாங்னியன் சோ. 1984-இல் அவர்கள் எழுதத் தொடங்கிய ‘பைண்ட்’ இன்றும் உயிரோடு இருக்கிறது.

சர்வர் வந்துவிட்டது. ஆனால் அது சரியாகப் பதில் சொல்கிறதா என்று பார்ப்பது எப்படி? பழைய பட்டியலாக இருந்தால் கோப்பைத் திறந்து கண்ணால் படித்துவிடலாம். இப்போது பெயரேடு எந்த ஓர் இடத்திலும் முழுதாக இல்லை. அதைப் பார்க்க வேண்டுமென்றால் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆகவே கேட்பதற்கென்றே ஒரு கருவி தேவைப்பட்டது.

அந்தக் கருவி ஒரு வகுப்பறையில் பிறந்தது. பெர்க்லியின் கணினி அறிவியல் துறையில் 1985 இலையுதிர் பருவத்தில் ஆண்ட்ரூ செரன்சன் என்பவர் ஒரு பாடத்துக்காக எழுதிய நிரல் அது. பாட எண்ணும் பருவமும் நிரலின் தலைப்புக் குறிப்பிலேயே பதிவாகியிருக்கின்றன. ‘என்எஸ்லுக்அப்’ என்று பெயர் பெற்ற அந்த நிரல் பைண்டோடு சேர்ந்து உலகமெங்கும் போனது; பிற்பாடு விண்டோஸிலும் அதே பெயரில் இடம்பிடித்தது. கட்டளையைத் தட்டினால் ஒரு கோணக்குறி வந்து காத்திருக்கும். பெயரைக் கொடுத்தால் முகவரி வரும். ‘செட் டைப்’ என்று சொல்லி அஞ்சல் பதிவு வேண்டுமா, பெயர் சர்வர் பதிவு வேண்டுமா என்று மாற்றிக்கொள்ளலாம். ‘எல்எஸ்’ என்று தட்டி ஒரு டொமைனின் பெயரைக் கொடுத்தால் அதில் உள்ள பெயர்களையெல்லாம் பட்டியலிட்டுக் காட்டும். தகவல் மையத்தின் பழைய ‘ஆல்’ கட்டளை, கிளை அளவில் இங்கே தொடர்ந்தது.

என்எஸ்லுக்அப்பில் ஒரு குறை இருந்தது. பல தலைமுறை நிர்வாகிகள் அதனால் அவதிப்பட்டார்கள். வேலையைத் தொடங்கும் முன் அது, தான் கேட்கப்போகும் சர்வரின் பெயர் என்ன என்று முகவரியை வைத்துத் தேடும். அந்தத் தலைகீழ்ப் பதிவு இல்லையென்றால், சர்வரின் பெயர் கிடைக்கவில்லை என்று சொல்லி அங்கேயே நின்றுவிடும். சர்வர் நல்ல நிலையில் இருக்கும். கேட்ட பெயரும் சரியாக இருக்கும். ஆனாலும் விடை வராது. பழுது பார்க்க வந்த கருவியே பழுதைப் போலத் தோன்றும். இன்னொரு சிக்கல், சர்வர் அனுப்பிய பதிலை அது தன் சொற்களில் மாற்றிச் சொல்லும் பழக்கம். பதிலில் என்ன இருந்தது, கருவி என்ன சேர்த்தது என்று பிரித்துப் பார்ப்பது கடினம்.

டிஎன்எஸ் பிறந்த அதே தகவல் அறிவியல் நிறுவனத்தில் ஸ்டீவ் ஹாட்ஸ் எழுதிய ‘டிக்’ அந்தச் சிக்கலுக்கு நேரான தீர்வு. அதன் இரண்டாம் பதிப்பு 1990 ஆகஸ்டு 30 தேதியிட்டது. என்எஸ்லுக்அப்பின் சில பகுதிகளை எடுத்துக்கொண்டதற்கு செரன்சனுக்கு நன்றி சொன்னது அதன் கையேடு. ஆனால் அணுகுமுறை வேறு. உரையாடல் கிடையாது, கட்டளை வரியிலேயே கேள்வியை முழுதாக எழுதிவிட வேண்டும். எந்த சர்வரிடம் கேட்பது, எந்தப் பெயர், எந்த வகைப் பதிவு என்று மூன்றையும் ஒரே வரியில் சொன்னால், வந்த பொட்டலத்தில் இருந்தது அத்தனையும் திரையில் விரியும். நூற்றுக்கணக்கான கேள்விகளை ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால் வரிசையாகக் கேட்டு முடிக்கும்.

டிக் காட்டும் விடையைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. முதல் வரிகள் அரைப்புள்ளியில் தொடங்குகின்றன. தலைப்பு வரியில் நிலை என்ன என்று ஒரு சொல், கேள்விக்கான ஓர் அடையாள எண். அடுத்த வரியில் கொடிகள்: பதில் அந்தப் பெயருக்குச் சொந்தக்கார சர்வரிடமிருந்தே வந்ததா, இடையில் ஒருவர் நினைவில் வைத்திருந்து சொன்னதா என்பது அங்கே தெரிந்துவிடும். பிறகு கேட்ட கேள்வி. அதன் கீழே விடை, அரைப்புள்ளி இல்லாமல்: பெயர், ஆயுள், வகை, முகவரி. 300 நொடி ஆயுளோடு வந்த விடையை இருபது நொடி கழித்துத் திரும்பக் கேட்டால் 280 என்று காட்டும். இடையில் உள்ள சர்வர் அதை நினைவிலிருந்து எடுத்துத் தருகிறது என்பதற்கு அந்தக் குறையும் எண்ணே சாட்சி. கடைசியில் மறுபடி அரைப்புள்ளி போட்ட வரிகளில் எத்தனை மில்லிநொடி ஆயிற்று, எந்த சர்வர் பதில் சொன்னது என்ற கணக்கு.

அரைப்புள்ளி சும்மா வரவில்லை. ஒரு டொமைனின் நிர்வாகி தன் சர்வரில் எழுதிவைக்கும் கோப்பில், அரைப்புள்ளிக்குப் பின்னால் வருவது குறிப்பு. கணினி அதைப் படிக்காது. 1983-லேயே மொக்கபெட்ரிஸ் வகுத்த இலக்கணம் அது. டிக் தன் பேச்சையெல்லாம் அரைப்புள்ளிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, பதிவுகளை மட்டும் அந்த இலக்கணப்படியே அச்சிடுகிறது. எங்கோ ஒருவர் தன் கோப்பில் எழுதிய வரியை, இங்கே இன்னொருவர் அதே வடிவத்தில் படிக்கிறார். விரும்பினால் அப்படியே தன் கோப்பில் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு கருவியின் நேர்மைக்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கணினி உலகில் அதிகம் இல்லை.

இதே காலத்தில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹெட்ரிக் ‘ஹோஸ்ட்’ என்ற சிறு கட்டளையை எழுதினார். நெதர்லாந்தின் நிக்ஹெஃப் ஆய்வகத்தில் எரிக் வாசனார் அதை விரிவாக்கினார். ஒரு வரிக் கேள்விக்கு ஒரு வரி பதில் போதும் என்பவர்களுக்கு அது இன்றும் கைகொடுக்கிறது.

திறந்த பெயரேட்டின் பொற்காலம் என்று சொல்ல வேண்டுமானால் அது 1980களின் பின்பாதியும் அடுத்த சில ஆண்டுகளும்தான். எஸ்ஆர்ஐயின் மார்க் லாட்டர் ‘ஸோன்’ என்ற நிரலை எழுதினார். அது மேலிருந்து தொடங்கி ஒவ்வொரு கிளையாக இறங்கி, அங்கங்கே உள்ள சர்வரிடம் உன் பட்டியலை முழுதாகக் கொடு என்று கேட்கும். பெரும்பாலானோர் கொடுத்தார்கள். அப்படி எண்ணியெண்ணியே இணையத்தின் அளவை அவர் கணக்கிட்டார். 1992 ஜனவரியில் வெளியான அவருடைய ஆர்எஃப்சி 1296 அந்த வளர்ச்சியை வரிசையாகத் தருகிறது: 1984 அக்டோபரில் 1,024 கணினிகள், 1987 டிசம்பரில் 28,174, 1989 ஜூலையில் 1,30,000, 1992 ஜனவரியில் 7,27,000. இணையம் எப்படி வளர்ந்தது என்று வரலாற்றாசிரியர்கள் இன்று காட்டும் எண்கள் பெரும்பாலும் இவர் கேட்டு வாங்கியவை. கேட்டவருக்குக் கொடுக்கும் வழக்கம் இல்லாதிருந்தால் அந்த எண்களே நமக்குக் கிடைத்திருக்காது.

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. முழுப் பட்டியலையும் வாங்கிப் பார்த்தால் ஒரு நிறுவனத்தின் உள்ளமைப்பு தெரிந்துவிடும் என்பதைத் தாக்குபவர்கள் கண்டுகொண்டார்கள். நிர்வாகிகள் பட்டியல் பரிமாற்றத்தைத் தங்கள் துணைச் சர்வர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். என்எஸ்லுக்அப்பின் ‘எல்எஸ்’ மறுப்பையே விடையாகக் கொண்டுவரத் தொடங்கியது. லாட்டரின் கணக்கெடுப்பும் 1998 ஜனவரியில் வழியை மாற்றிக்கொண்டது: பட்டியல் கேட்பதை விட்டுவிட்டு, சாத்தியமான ஒவ்வொரு ஐபி முகவரியாக எடுத்து, உன் பெயர் என்ன என்று தலைகீழாகக் கேட்டது. அந்த முறையில் கிடைத்த எண்ணிக்கை 2.9 கோடியைத் தாண்டியது. எச்இன்ஃபோ பதிவும் வழக்கொழிந்தது. எந்த இயந்திரம், எந்த இயங்குதளம் என்று சொல்வது தாக்குபவருக்கு வழிகாட்டுவதாகும் என்பதால் யாரும் அதை நிரப்பவில்லை.

ஒற்றைக் கேள்வியே ஆபத்தில் சிக்கியது 2008-இல். டான் கமின்ஸ்கி என்ற பாதுகாப்பு ஆய்வாளர், இடையில் விடைகளை நினைவில் வைத்திருக்கும் சர்வர்களைப் பொய் விடையை நம்பவைக்க முடியும் என்று கண்டுபிடித்தார். டிக்கின் தலைப்பு வரியில் வரும் அடையாள எண் 16 பிட் மட்டுமே. 65,536 சாத்தியங்களுக்கு மேல் கிடையாது. அதை ஊகித்துவிட்டால் உண்மையான விடைக்கு முந்திக்கொண்டு பொய் விடையை நுழைத்துவிடலாம். பல நிறுவனங்கள் ரகசியமாகக் கூடி ஒட்டுநிரல் தயாரித்து, ஜூலை 8 அன்று ஒரே நாளில் வெளியிட்டன. கேள்வி புறப்படும் போர்ட்டையும் ஊகிக்க முடியாதபடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது தீர்வு. தன்னுடைய சர்வர் திருந்திவிட்டதா என்று ஒரு நிர்வாகி அறிவது எப்படி? டிஎன்எஸ்-ஓஆர்க் என்ற அமைப்பு ஒரு சோதனைப் பெயரை உருவாக்கியது. டிக் கட்டளையால் அந்தப் பெயரின் உரைப் பதிவைக் கேட்டால், உன் சர்வர் இத்தனை கேள்விகளை இத்தனை போர்ட்டுகளிலிருந்து அனுப்பியது என்ற கணக்கோடு ‘கிரேட்’, ‘குட்’, ‘புவர்’ என்று மதிப்பெண் போல ஒரு சொல் வரும். நோயைக் கண்டறியும் சோதனையையே ஒரு டிஎன்எஸ் பதிவாக மாற்றியது அந்த ஏற்பாடு. அந்த ஜூலை மாதத்தில் நிர்வாகிகளுக்கு டிக் எவ்வளவு உதவியது என்பதை மறக்கக் கூடாது.

நட்சத்திரக் குறிக் கேள்விக்கு வருவோம். ‘எனி’ என்று டிக்கில் தட்டினால் அந்தக் கேள்விதான் போகும். 1987-இல் ஒரு பாடமாக எழுதப்பட்ட அந்த வசதி 2013 மார்ச்சில் ஆயுதமாயிற்று. எரிதங்களை எதிர்க்கும் ஸ்பாம்ஹவுஸ் என்ற அமைப்பின் மீது நடந்த தாக்குதலில், அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போட்டு, உலகெங்கும் திறந்துகிடந்த சர்வர்களிடம் ‘எனி’ கேள்விகளை அனுப்பினார்கள். கேள்வி சுமார் 36 பைட். விடை சுமார் 3,000 பைட். கேட்டதாகச் சொல்லப்பட்டவர் தலையில் எண்பது மடங்குக்கும் மேல் பெருகிய விடைகள் வந்து கொட்டின. கேட்பவர் யார் என்று விசாரிக்காத பழைய பண்பு, பொய் முகவரியின் முன்னால் தோற்ற இடம் இது.

2019 ஜனவரியில் ஆர்எஃப்சி 8482 வெளிவந்தது. ‘எனி’ என்று கேட்பவருக்கு எல்லாவற்றையும் தர வேண்டியதில்லை, பெயருக்கு ஒன்றைத் தந்தால் போதும் என்றது. அந்த ஒன்று எது? எச்இன்ஃபோ. கணினியின் வகையைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஆர்எஃப்சி8482’ என்ற ஆவண எண்ணை எழுதி, இயங்குதளத்தின் இடத்தை வெறுமையாக விட்டு அனுப்பலாம். டெக்-2060 என்றும் டாப்ஸ்-20 என்றும் திறந்த மனதோடு சொன்ன அதே பதிவு, இப்போது மறுப்புச் சீட்டாக வருகிறது. ஒரு பெரிய நிறுவனத்தின் பெயரை எடுத்து டிக்கில் ‘எனி’ போட்டுக் கேட்பவர்கள் அந்தச் சீட்டை இன்றும் பல இடங்களில் பெறலாம்.

இத்தனை சுருங்கிய பிறகும் ஒற்றைக் கேள்விக்கு ஒற்றை விடை என்ற அடிப்படை மாறவில்லை. அதன் மதிப்பு 2021 அக்டோபர் 4 அன்று தெரிந்தது. இந்திய நேரம் இரவு ஒன்பது மணிக்குச் சற்றுப் பின்னர் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகமெங்கும் நின்றுபோயின. ஏறத்தாழ ஆறு மணி நேரம் திரும்பவில்லை. டொமைன் பெயரே போய்விட்டது என்றும் யாரோ விற்றுவிட்டார்கள் என்றும் வதந்திகள் ஓடின. டிக் தட்டிப் பார்த்தவர்களுக்கு நிலை என்ற இடத்தில் ‘செர்வ்ஃபெயில்’ என்று வந்தது. பெயர் உண்மையிலேயே இல்லாமல் போயிருந்தால் அங்கே ‘என்எக்ஸ்டொமைன்’ என்று வந்திருக்கும். முதலாவது, விடை சொல்ல வேண்டியவரை எட்ட முடியவில்லை என்கிறது; இரண்டாவது, அப்படி ஒரு பெயரே இல்லை என்கிறது. பெயர் இருக்கிறது, அதற்குச் சொந்தக்கார சர்வர்களுக்குப் போகும் பாதைதான் காணாமல் போயிருக்கிறது என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிட்டது. பராமரிப்பு வேலையின்போது இட்ட ஒரு கட்டளை நிறுவனத்தின் உள் வலையமைப்பைத் துண்டித்ததும், அதனால் பெயர் சர்வர்கள் தங்கள் பாதை அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டதும் பிறகு உறுதியாயிற்று. இந்த இரண்டு நிலைகளையும் பிரித்து எண் கொடுத்தது 1983-இன் ஆர்எஃப்சி 883.

என்எஸ்லுக்அப்பின் கதையும் சுவையான ஒரு திருப்பம் கொண்டது. 2000-இல் பைண்ட் 9 வந்தபோது அதன் ஆசிரியர்கள், என்எஸ்லுக்அப் வழக்கொழிந்தது, டிக்கையோ ஹோஸ்ட்டையோ பயன்படுத்துங்கள் என்ற எச்சரிக்கையை ஒவ்வொரு முறையும் திரையில் காட்டவைத்தார்கள். மக்கள் கேட்கவில்லை. விரல்கள் பழகிய கட்டளையை யாரும் விடவில்லை. பிறகு 9.3 பதிப்பின் காலத்தில் எச்சரிக்கை நீக்கப்பட்டது; என்எஸ்லுக்அப் இனி வழக்கொழிந்ததாகக் கருதப்படாது என்று அறிவிப்பே வந்துவிட்டது.

தமிழுக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. டிஎன்எஸ் ஆங்கில எழுத்தையே மனதில் வைத்துக் கட்டப்பட்டது. பிற எழுத்துகளில் டொமைன் பெயர் வேலை செய்யுமா என்று 2007 அக்டோபரில் டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு பதினொரு சோதனைப் பெயர்களை, கிளைகளின் உச்சியில் இருக்கும் ரூட் சர்வர்களில் சேர்த்தது. அவற்றில் ஒன்று தமிழ்: ‘.பரிட்சை’. உதாரணம்.பரிட்சை என்ற முகவரியை உலாவியில் தட்டிப் பார்க்க முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா மூன்றும் நிரந்தரமாக வந்துசேர்ந்தன.

ரூட் சர்வரில் இவை தமிழ் எழுத்தாக இல்லை. பியூனிகோடு என்ற முறையில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு தொடராக மாற்றித்தான் வைத்திருக்கிறார்கள். உலாவி அந்த மாற்றத்தைத் தானே செய்துகொள்ளும். பழைய டிக் செய்யாது. அதில் இலங்கை என்று தமிழில் தட்டினால் முதல் எழுத்தான ‘இ’ மட்டுமே \224\174\135 என்று மூன்று எண்களாகத் திரையில் வரும். பெயர் முழுசும் பதினெட்டு எண்களாக நீளும். கடைசியில் அப்படி ஒரு பெயரே இல்லை என்ற விடை. பன்மொழிப் பெயர்களுக்கான நூலகத்தோடு தொகுக்கப்பட்ட புதிய டிக்கில் இந்தத் தொல்லை இல்லை: தமிழில் தட்டினால் தானே மாற்றிக் கேட்கும், விடையையும் தமிழிலேயே காட்டும்படி சொல்லலாம். ஒரு தமிழ் நிர்வாகி தன் மொழியின் பெயரைத் தன் மொழியில் எழுதிக் கேட்டு விடை பெறுவது இப்போது இயல்பான காரியம். அது நடப்பதற்கு மொக்கபெட்ரிஸின் ஆவணத்திலிருந்து கால் நூற்றாண்டு ஆயிற்று.

கடைசி மாற்றம் ஒட்டுக்கேட்பதைப் பற்றியது. டிஎன்எஸ் கேள்விகள் 53-ஆம் போர்ட்டில் மறைவின்றிப் போய்வந்தன; வழியில் இருக்கும் எவரும் யார் எந்தத் தளத்தைத் தேடுகிறார் என்று படிக்கலாம். 2018 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 8484, கேள்வியைப் பாதுகாக்கப்பட்ட வலைப் போக்குவரத்துக்குள் வைத்து அனுப்பும் முறையை வகுத்தது. ஃபயர்பாக்ஸ் 2020-இல் அமெரிக்காவில் அதை இயல்பான அமைப்பாகவே மாற்றியது. தனிமனிதரின் அந்தரங்கத்துக்கு இது நல்லது. நிர்வாகிக்கோ புதிய வேலை. உலாவி ஒரு சர்வரிடம் கேட்கிறது, அதே கணினியில் உள்ள டிக் இன்னொன்றிடம் கேட்கிறது. தளம் திறக்கவில்லை என்று ஊழியர் சொல்வார். டிக் சரியான முகவரியைக் காட்டும். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கும்.

2022 ஜனவரியில் வந்த பைண்ட் 9.18-இல் டிக்குக்கும் அந்த மறைவழி கிடைத்தது. கட்டளையோடு கூட்டல் குறி போட்டு ‘எச்டிடிபிஎஸ்’ என்று சேர்த்தால், உலாவி போகும் பாதையிலேயே கேள்வி போகும். ஆகவே இப்போது பழுது பார்க்க உட்காரும் நிர்வாகி ஒரே பெயரை இரண்டு முறை கேட்கிறார்: முதலில் அலுவலகத்தின் சர்வரிடம் 53-ஆம் போர்ட்டில், அடுத்து உலாவி நம்பும் சர்வரிடம் 443-ஆம் போர்ட்டில். பிறகு இரண்டு விடைகளின் முகவரியையும் ஆயுள் நொடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது பழையது என்று பார்க்கிறார்.